பேகனின் போர்வையும் தோட்டத்துச் சருகும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி)

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை அறியாதவர் நம்முள் இருக்க முடியாது. பள்ளியில் அதைக் கற்பித்த தமிழாசிரியர் 'கொடைமடம்' என்றொரு சொல்லையும் சேர்த்துச் சொல்லித் தந்தார். கொடுக்க வேண்டும் என்னும் உள்ளம் பொங்கி எழ, பெறுகின்ற உயிருக்கு அது பயன்படுமா என்று ஆராயாமல் அள்ளிக் கொடுத்துவிடுவது கொடைமடம். மயிலுக்கு அதன் இறகே போர்வை. மேலே ஒரு துணியைப் போர்த்தினால் அதனால் பறக்கவும் முடியாது, நரி வந்தால் ஓடவும் முடியாது. ஆயினும் பேகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓர் உயிர் நடுங்குகிறது என்று எண்ணிய அந்தக் கணமே தன் தோளில் கிடந்ததை எடுத்துவிட்டான் அல்லவா? அந்த உள்ளம் நமக்கு வேண்டும். அதனோடு, எந்த உயிருக்கு எது போர்வை என்கிற அறிவும் வேண்டும். பனிக்காலத்தில் நம் வீட்டுத் தோட்டங்களில் வாழும் சிற்றுயிர்களை முன்னிட்டு இந்த இரண்டையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சமவெளியிலிருந்து வந்து நம்மோடு பயிலும் நண்பர்கள் உதகையின் குளிர் என்றதும் கம்பளிச் சட்டையை நினைக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் நினைப்பது உறைபனியை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்கிவிடும். பெரும்பாலும் மாசி வரை அதன் ஆட்சிதான். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவிலோ, மேகப் போர்வை இல்லாத வானத்தை நோக்கி நிலம் தன் வெப்பத்தையெல்லாம் இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலைப் புல்வெளி உப்பைக் கொட்டியது போல் வெளுத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். சுற்றுலா வருவோர் அதைப் படம் எடுத்து மகிழ்கிறார்கள். ஆனால் செடிக்குள் இருக்கும் நீர் உறைந்துவிட்டால் அதன் திசு சிதைகிறது. வெயில் ஏறியதும் தேயிலைத் துளிர் கருகி நிற்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

செடிக்கே இந்த நிலை என்றால் சின்னஞ்சிறு உயிர்களின் நிலை என்ன? நம் வேலிகளில் கூட்டமாகத் தாவித் திரியும் வெள்ளைக்கண்ணி என்னும் குருவியை எடுத்துக்கொள்வோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இட்ட அந்தப் பறவையின் எடை பத்துக் கிராம் அளவுதான். அதன் உடல் வெப்பமோ நம்முடையதைவிட மிகுதி. 40 பாகை செல்சியசுக்கும் மேல். அண்டாவில் இருக்கும் தேநீர் நெடுநேரம் சூடாக இருக்கும், குவளையில் ஊற்றியது விரைவில் ஆறிவிடும். உடல் சிறுக்கச் சிறுக்க, அதன் பருமனை நோக்க வெளிப்பரப்பு மிகுந்துகொண்டே போகும். வெப்பமும் அதற்கேற்ப விரைந்து வெளியேறும். மார்கழியில் நம் ஊரில் இரவு பன்னிரண்டரை மணி நேரம். மாலையில் உண்ட பூச்சியும் தேனுமே அந்தக் குவளைச் சூட்டை விடியும்வரை காக்க வேண்டும். அதனால்தான் காலையில் முதல் வெயில் படும் கிளையில் பறவைகள் இறகை உப்பிக்கொண்டு பந்து போல் உட்கார்ந்திருக்கின்றன. இறகுகளுக்கு இடையே சிறைப்படும் காற்றுதான் அவற்றின் கம்பளி.

பறவைகளாவது உடலுக்குள் அடுப்பு வைத்திருக்கின்றன. தவளைக்கும் பூச்சிக்கும் அதுவும் இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு அவற்றின் உடலும் குளிரும். நீலகிரியின் புதர்த்தவளைகளில் பல இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை; தலைப்பிரட்டையாகக் குளத்தில் நீந்தாமல் முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவருபவை. அவை புல்லின் அடியிலும் ஈரச் சருகிலும் ஒடுங்கி இருந்துதான் இந்தக் காலத்தைக் கடக்கின்றன. தேனீக்களோ கூட்டில் ஒன்றையொன்று நெருங்கிப் பற்றிக்கொண்டு, சிறகுத் தசைகளை அதிரச் செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. ஒரு தேனீயால் ஆகாதது ஒரு கூட்டத்தால் ஆகிறது!

இவ்வளவையும் நான் புத்தகத்தில் மட்டும் படித்தேன் என்றால் அது முழு உண்மையாகாது. என் தந்தை ஒரு தோட்டக்காரர். ஊரை ஒட்டியுள்ள ஒரு பங்களாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறார். உரிமையாளர்கள் சமவெளியில் வாழ்பவர்கள், சீசனுக்குத்தான் வருவார்கள். என் தாய் கேரட் அறுவடைக்குப் போகிறார். வானம் வெளுக்கும் முன்பே, புல்லில் பனி நொறுங்க நடந்து போய்விடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே 'குளிர்காலத்தில் உயிர்கள் பிழைப்பது எப்படி' என்னும் பாடத்தை நான் வகுப்பறையில் கேட்டபோது, அது எங்கோ பனிப்பிரதேசத்துச் செய்தியாக எனக்குப் படவில்லை. எங்கள் வீட்டு விடியற்காலையாகவே பட்டது.

பேராசிரியர் ஒருவர் பரிந்துரைக்க, நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நூலை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். இங்கிலாந்து நாட்டார் தம் வீட்டுத் தோட்டத்து உயிர்களைப் பனிக்காலத்தில் காப்பது பற்றிய நூல் அது. அங்கே மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாகிவிடும், நிலம் இறுகிவிடும், டிசம்பரில் இரவு பதினாறு மணி நேரம் நீளும். ஆகவே மக்கள் சூரியகாந்தி விதையையும் மாட்டுக் கொழுப்பையும் மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அங்குள்ள முள்ளெலி குளிர்காலம் முழுதும் சருகுக் குவியலுக்குள் உறங்குவது. நவம்பர் 5ஆம் நாள் நம் சொக்கப்பனை போல அவர்கள் பெருந்தீ மூட்டிக் கொண்டாடும் வழக்கம் உண்டு. அடுக்கி வைத்த விறகுக்குள் முள்ளெலி புகுந்திருக்கும் என்பதால், தீ வைக்கும் முன் குவியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துகிறது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஏனென்றால் ஆண்டு முழுவதும் காலை எட்டு மணிக்குள் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது என் தந்தையின் வேலைகளுள் ஒன்று.

அன்று மாலை அவரிடம் கேட்டேன். "அப்பா, பனிக்காலத்துல மட்டும் சருகை எரிக்காம விட்டா என்ன?"

அவர் சிரித்தார். "விட்டா சருகு இருக்கும்மா, வேலை இருக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பங்களாக்காரருக்கு வேண்டியது துடைத்து வைத்த தாம்பாளம் போன்ற தோட்டம். ஓர் இலை கிடந்தாலும் அது தோட்டக்காரனின் சோம்பலுக்குச் சாட்சி. அந்தச் சம்பளத்தில்தான் என் பேருந்துக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. தவளையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லும் படிப்பு, தவளையைக் காப்பாற்றும் ஆளின் அடுப்பை அணைத்துவிடக் கூடாதல்லவா? நான் மேலே பேசவில்லை.

பேசாமல் இருந்தவர் அவர் அல்லர். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பங்களாவுக்கு அழைத்துப் போனார். பின்புற வேலிக்கு அப்பால், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத சரிவில், பழைய சருகுக் குவியல் ஒன்று கிடந்தது. "கையை உள்ளே விடு" என்றார். வெளியே விரல் விறைக்கும் குளிர், உள்ளே இளஞ்சூடு! மக்கும்போது நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பம் அது என்பது எனக்குப் பாடம். "மாட்டுச் சாணக் குழி மாதிரி" என்பது அவருக்கு அனுபவம். பிறகு ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று இரண்டு வெப்பமானிகளை எடுத்துச் சென்று, ஒன்றைப் புல்தரையிலும் மற்றொன்றைச் சருகுக்குள்ளும் வைத்துச் சில நாள் காலையில் பார்த்தேன். புல்தரையில் இருந்தது சுழியை ஒட்டி நின்ற நாளில்கூட, சருகுக்குள் இருந்தது பல பாகை மேலேயே நின்றது. குவியலின் ஓரத்தைக் கிளறினால் மண்புழு, மரவட்டை, சிலந்தி, பூச்சிகளின் கூட்டுப்புழு. ஒரு நாள் நகத்தளவு தவளை ஒன்று. நாங்கள் விலகியதும், உடல் கறுத்து அலகு மஞ்சளான பூங்குருவி ஒன்று இறங்கி வந்து சருகை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கியது. புல்லெல்லாம் உறைந்து கிடக்கும் காலையில் அதற்குத் திறந்திருக்கும் ஒரே உணவு விடுதி அதுதான்!

அந்தக் குளிர்காலம் முழுவதும் தந்தை முன்புறப் புல்தரையைப் பழையபடியே கூட்டினார். ஆனால் கூட்டியதை எரிக்கவில்லை. பின்புறச் சரிவில் கொட்டினார். கற்பூர மரத்தின் இலையை மட்டும் பிரித்து ஒதுக்கிவிட்டார். "அது எண்ணெய் இலை, லேசில் மக்காது" என்பது அவர் கணக்கு. பொங்கல் கழிந்து ஒரு நாள் மேற்பார்வையாளர் வந்து பின்பக்கம் நடந்து பார்த்தாராம்.

"என்னப்பா இது, தோட்டத்தைக் குப்பைமேடா ஆக்கி வச்சிருக்கே?"

"குப்பை இல்லீங்க ஐயா, இலைமக்கு. சீசனுக்குத் தொட்டியெல்லாம் நிரப்பணும். வெளியில வாங்கினா மூட்டை மூட்டையாக் காசு போகும். இது இங்கேயே தயாராகுது."

மேற்பார்வையாளர் சற்று நேரம் நின்றுவிட்டு, "முன்பக்கம் தெரியாமப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் இதைச் சொல்லும்போது தந்தையின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை அம்மாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் சொல்ல வந்த தவளையின் பெயரை அவர் சொல்லவே இல்லை. கேட்பவருக்கு எது நியாயமாகப் படுமோ அதைச் சொன்னார். அதுவும் உண்மையாகவே இருந்தது. அறிவு என்பது என்ன, அதை உலகத்தில் நடத்திக் காட்டுவது என்ன என்று நான் அன்று தெரிந்துகொண்டேன்.

தோட்டம் உள்ளவர்கள் பனிக்காலத்தில் செய்யக்கூடியவற்றை இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் செலவாகும் செயல் ஒன்றுகூட இதில் இல்லை.

முதலாவது, சருகை எரிக்காதீர்கள். ஒரு மூலையில் குவித்து வையுங்கள். குளிர் காய நமக்கு நெருப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் குளிர் காயச் சுள்ளிதான் உதவும். சருகு ஒரு நொடியில் பற்றி மறு நொடியில் அவிந்துவிடும். மிஞ்சுவது புகையும் கண்ணெரிச்சலுமே. பழைய குவியலை எரித்தே ஆகவேண்டும் என்றால், முதலில் ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நமக்கு மழையற்ற மாதங்கள். இருக்கும் கொஞ்ச நீரும் காலையில் கண்ணாடியாகிவிடும். ஓர் அகலமான மண்தட்டில் தண்ணீர் வைத்து, அதில் பூச்சிகளும் ஏறிக்கொள்ள ஒரு கல்லைப் போட்டு, காலையில் மேலே படிந்த பனியை அகற்றிப் புதுநீர் ஊற்றினால் போதும். பறவைகள் குடிப்பதற்கு மட்டுமன்றிக் குளிப்பதற்கும் அதை நாடும். அழுக்கு ஒட்டிய இறகு கிழிந்த கம்பளிக்குச் சமம். குளித்துக் கோதிய இறகே சூட்டைக் காக்கும். உறையாமல் இருக்கட்டும் என்று எண்ணி உப்பைப் போட்டுவிடாதீர்கள், அது கொடைமடமாகிவிடும்.

மூன்றாவது, வேலியையும் புதரையும் பனிக்காலம் முடியும்வரை கத்தரிக்காதீர்கள். அடர்ந்த புதரின் உட்பக்கம்தான் குருவிகளின் இரவு விடுதி. நம் தாவரவியல் பூங்காவில் மென்மையான அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார்க் கொத்துகளால் மூடி வைத்திருப்பதையும், விடியற்காலையில் புல்தரைக்கு நீர் தெளிப்பதையும் எல்லோரும் பார்த்திருப்போம். 1848 முதல் உருவாகி வளர்ந்த அந்தப் பூங்காவின் தோட்டக்காரர்கள் செடிக்குச் செய்யும் அதே உதவியை, கத்தரிக்காத ஒரு வேலி பறவைக்குச் செய்கிறது.

நான்காவது, பூத்து முடிந்த செடிகளைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். காய்ந்த காஸ்மாஸ், சூரியகாந்தித் தலைகளில் விதை இருக்கிறது, சிட்டுகள் அறியும். காஞ்சொறி என்றால் நாமெல்லாம் அஞ்சி ஒதுங்குவோம். ஆனால் செம்பட்டை அணிந்த அழகிய 'அட்மிரல்' வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் தாய்ப்பால். யாரும் நடக்காத மூலையில் ஒரு புதர் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்தாவது, செய்யக் கூடாதது ஒன்று. இங்கிலாந்து நூலைப் பார்த்து நாம் சோற்றையும் ரொட்டியையும் பழத்தோலையும் வெளியே கொட்டக் கூடாது. அங்கே வருவது குருவி. இங்கே வருவது குரங்கு. அதன் பின்னால் எலி, காட்டுப்பன்றி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். மனிதர் உணவுக்குப் பழகிய விலங்கு பிறகு காட்டுக்குத் திரும்ப விரும்புவதில்லை. அதனால் அதற்கும் கேடு, நமக்கும் கேடு. நம் மலையில் மரங்கள் குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கின்றன. ஊசிக்களா, தவிட்டுப் பழம் முதலிய மலைக்கனிச் செடிகளையும், தேன்சிட்டுக்கேற்ற பூச்செடிகளையும் நட்டு வளர்த்தால், பரிமாறுவதை அவையே பார்த்துக்கொள்ளும். நீலகிரியையும் அதனை ஒட்டிய உயர்மலைகளையும் விட்டால் வேறெங்கும் இல்லாத நம் சிரிப்பான் குருவிக்கு அந்த மலைக்கனிகள் மிகவும் பிடித்தமானவை.

இங்கே இன்னொரு விந்தையையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. நாம் பல் நடுங்கும் இதே காலத்தில், குளிருக்கு அஞ்சி நம் ஊருக்கு அடைக்கலம் தேடி வரும் பறவைகளும் உண்டு! காஷ்மீரப் பள்ளத்தாக்குகளில் கூடு கட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை, பனிக்காலத்தைக் கழிக்க நீலகிரி முதலான மலைகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் வருகிறது. வடக்கேயிருந்து வரும் சாம்பல் வாலாட்டி நம் ஓடைக்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிறது. நமக்குக் கொடிய குளிராகத் தோன்றுவது அவற்றுக்கு இதமான தங்குமிடம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் விருந்தாளி இறங்கிப் பார்க்கும்போது, தோட்டத்தில் ஒரு பூச்சிகூட இல்லாமல் எல்லாம் எரிந்த சாம்பலாகக் கிடந்தால், விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசும் நமக்கு அது அழகாகுமா?

இங்கிலாந்தில் 1979 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில், பொதுமக்கள் தம் தோட்டத்துப் பறவைகளை ஒரு மணி நேரம் அமர்ந்து எண்ணுகிறார்கள். பிப்ரவரியில் உலகெங்கும் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியரும் பங்கேற்று வருகின்றனர். பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பட்டம் வேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை. எண்ணத் தொடங்கியவன் கவனிக்கத் தொடங்குவான். கவனித்தவன் காக்கத் தொடங்குவான்.

நம் கல்லூரி வளாகத்திலும் சரிவுகள் உண்டு, மரங்கள் உண்டு, நாள்தோறும் கூட்டிப் பெருக்கும் உழைப்பாளிகள் உண்டு. வளாகம் முழுவதையும் சருகாக விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நடைபாதை தூய்மையாக இருக்கட்டும். முகப்பு அழகாக இருக்கட்டும். பின்புறத்தில் ஒரே ஒரு மூலையை மட்டும் இந்தப் பனிக்காலத்துக்கு ஒதுக்கித் தாருங்கள் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அந்த மூலையில் சருகு கிடப்பதற்காகப் பெருக்குபவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு சொல்லும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவரால் அங்கே ஓர் இலையைக்கூட விட்டு வைக்க முடியாது. காலையில் பனிநீரை மாற்றி வைக்கும் வேலையை எங்கள் வகுப்பு முறை வைத்துச் செய்யக் காத்திருக்கிறது. மண்தட்டுகள் இரண்டு போதும்; அவற்றை என் தந்தை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.